மிளகாய்க்குப் பூஜ்யம்

அத்தியாயம் ஏழு

‘செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரவும்’ என்று கம்ப்யூட்டர் சென்டரின் கண்ணாடிக் கதவில் எழுதி ஒட்டியிருந்தது.

“எங்க ரங்கநாதருக்கு அப்புறம் செருப்பைக் கழட்டச் சொல்ற சாமி இதுதான் சார்,” என்றான் கோபு. “உள்ளே தீர்த்தம், சடாரி எல்லாம் உண்டான்னு கேளுங்க.”

துப்பறியும் சகாயநாதன் சிரிக்கவில்லை. வழக்கமாகக் கோபுவின் கடிக்கு அரைச் சிரிப்பாவது சிரித்து வைப்பார். எட்டு நாளாக அந்த அரைச் சிரிப்பும் நின்றுபோயிருந்தது. காரணம் அவர் கையில் இருந்த ஃபைல்.

ஏப்ரல் மாதம் துவாக்குடிப் பக்கம் நீலமணி கெமிக்கல்ஸில், சாயப் பவுடருக்கான சரக்கு இருந்த பெரிய இரும்புக் கலன் வெடித்து இரண்டு தொழிலாளிகள் செத்துப்போனார்கள். கலனைப் பார்த்துக்கொண்டிருந்த ஆபரேட்டர் தைரியராஜ் தப்பித்துக்கொண்டான். தப்பித்ததே அவனுக்கு வினையாகப் போயிற்று. ‘இந்தச் சரக்கு தானாகச் சூடேறி வெடிக்காது என்று கம்ப்யூட்டரே கணக்குப் போட்டுச் சொல்லியிருக்கிறது. ஆகவே வெளியிலிருந்துதான் சூடு போயிருக்க வேண்டும். நீராவிக் குழாயின் திருகு தைரியராஜ் கையில் இருந்தது. அவனுக்கும் நிர்வாகத்துக்கும் தகராறும் இருந்தது.’ இப்படிச் சொன்னது இன்ஷூரன்ஸ் கம்பெனியின் விசாரணை ரிப்போர்ட். போலீஸ் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. மே மாதத்திலிருந்து தைரியராஜ் சென்ட்ரல் ஜெயிலில் இருக்கிறான். இப்போது நவம்பர். வருகிற திங்கட்கிழமை கோர்ட்டில் கடைசி வாதம். இன்று வியாழன்.

அவன் மனைவி ரோசம்மாள் போன வாரம் பாலக்கரையில் சகாயநாதனின் மாடியறைக்கு ஏறி வந்தாள். “எம் புருஷன் அந்தத் திருகைத் தொடலைங்கய்யா. நீங்கதான் கண்டுபிடிச்சுத் தரணும்,” என்று மட்டும் சொன்னாள். ரிப்போர்ட்டை எழுதியது யார் என்று அவள் கேட்கவில்லை.

எழுதியது சகாயநாதன்தான். அப்போது அவர் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் விசாரணை அதிகாரி. ஜூன் மாதம் ரிட்டையராகி, துப்பறியும் நிபுணர் என்று போர்டு மாட்டினார். அங்கே அவருக்கு டைப் அடித்துக்கொண்டிருந்த கோபுவும் கூடவே வந்துவிட்டான்.

ரோசம்மாள் இறங்கிப் போனதும் பழைய ஃபைலை எடுத்துப் பார்த்தார். கம்ப்யூட்டர் கொடுத்த தாள் ஒன்றே ஒன்று. ‘அபாயம்: குறைவு’ என்று ஆங்கிலத்தில் கொட்டை எழுத்து. தாளின் அடியில் சின்னதாக இன்னொரு வரி, ‘செய்திகள்: ஒன்று’. அதன் பக்கத்தில் பச்சை மையில் ஒரு டிக். படித்தாகிவிட்டது என்பதற்காக அவரே போட்ட டிக். என்ன செய்தி என்று அவர் யாரையும் கேட்டதாக ஃபைலில் எங்கும் இல்லை. போன சனிக்கிழமை சர்ச்சில், பாதிரியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்றவர், தன் முறை வருவதற்குள் விலகி வீட்டுக்கு நடந்துவிட்டார்.

சென்டர் மேனேஜர் இருவரையும் பார்த்ததும் கைக்கடிகாரத்தையும் பார்த்தார்.

“மே மாசமே வந்து அந்தத் தாளோட காப்பி வாங்கிட்டுப் போனீங்களே சார்? மறுபடியும் என்ன?”

“இந்த வரி,” என்று தாளை நீட்டினார் சகாயநாதன். “செய்தி ஒண்ணுன்னு போட்டிருக்கு. அது என்ன செய்தி?”

“அதெல்லாம் மெஷின் சமாச்சாரம் சார். தனக்குள்ளே ஏதாவது பேசிக்கும். கஸ்டமருக்கு முதல் பக்கம் மட்டும்தான் கொடுப்போம். மத்ததைப் பார்த்தா வீணா பயப்படறாங்க.”

“முதல் பக்கம்னா ரெண்டாம் பக்கம்னு ஒண்ணு இருந்திருக்கணுமே?”

மேனேஜர் பதில் சொல்வதற்குள் கோபு மூலையில் கார்டு துளைக்கும் மெஷின் பக்கம் போயிருந்தான். அங்கே முப்பது வயதுப் பெண் ஒருத்தி உட்கார்ந்து மெஷினைத் தட்டிக்கொண்டிருந்தாள். பெயர் வேதவதி என்று மேஜை மேல் எழுதியிருந்தது.

“ஏம்மா, ஒரு சரக்கு வெடிக்குமா வெடிக்காதான்னு உங்க மெஷினுக்கு எப்படித் தெரியும்? மோந்து பாக்குமா?”

“இல்லை சார். அந்தப் பொருள் எந்தெந்தத் துண்டு சேர்ந்து ஆனதுன்னு பிரிச்சு, துண்டுக்கு ஒரு கார்டு போடுவோம். ஒவ்வொரு துண்டுக்குள்ளேயும் எவ்வளவு சூடு அடங்கியிருக்குன்னு ஒரு அட்டவணை இருக்கு. மெஷின் அதைப் பார்த்துக் கூட்டிச் சொல்லும்.”

“புரிஞ்சுது. என்னென்ன சாமான், எவ்வளவுன்னு எழுதிக் கொடுத்தா, வாயில வைக்காமலே சாம்பார் காரமா இல்லையான்னு சொல்லிடும்.”

“அப்படித்தான்,” என்றாள் வேதவதி. பிறகு குரலைத் தாழ்த்தி, “எல்லாச் சாமானும் அட்டவணையில இருந்தா,” என்றாள்.

“வேதவதி!” என்றார் மேனேஜர். “அந்தப் பழைய பேப்பரெல்லாம் என்ன ஆச்சுன்னு சாருக்குச் சொல்லுங்க.”

“எரிச்சாச்சு சார். மே மாசக் கடைசியில.”

“யார் எரிச்சது?” என்று கேட்டார் சகாயநாதன்.

“நான்தான்.”

“எல்லாத்தையுமா?”

அவள் முதல் தடவையாக நிமிர்ந்து அவரை நேராகப் பார்த்தாள். ஏதோ அவரிடம் எதிர்பார்ப்பது போன்ற பார்வை. அது என்ன என்று அவருக்கு விளங்கவில்லை. “இங்கே இருந்த எல்லாத்தையும்,” என்றாள்.

வெளியே வந்து செருப்பை மாட்டும்போது சகாயநாதன் கேட்டார். “ஜன்னல் ஓரத்து மேஜையில எத்தனை சாப்பாட்டு டப்பா இருந்துச்சு?”

“நாலு. ஒண்ணுல உருளைக்கிழங்கு வறுவல். மூடி சரியா மூடலை.”

“டப்பாவுக்கு அடியில?”

கோபு யோசித்தான். “மூணு டப்பாவுக்கு அடியில பழைய கம்ப்யூட்டர் பேப்பர் மடிச்சுப் போட்டிருந்தா. நாலாவது வெறும் பலகை மேல இருந்துது. வேதவதி டப்பா. மூடியில பேரும், ஸ்ரீரங்கம்னு எங்க ஊரும் வெட்டியிருந்துது.” சொல்லும்போதே அவன் நடை நின்றது. “சார், எங்காத்துலயும் அப்படித்தான். எழுத்து இருக்கற தாள்ல சோத்துப் பாத்திரத்தை வெச்சா எங்கம்மா வீட்டை ரெண்டாக்கிடுவா. கால் பட்டா கண்ணுல ஒத்திக்கணும்.”

“அப்படிப்பட்டவங்க தாள் மேல தீக்குச்சி வெப்பாங்களா?”

“மேனேஜர் பக்கத்துல நின்னா வெப்பா. அதான் ‘இங்கே இருந்த’ன்னு அளந்து சொன்னா.”

“சரி, ஒரு பக்கம் வெறுமையா இருக்கிற அகலமான நல்ல தாள். உங்க ஸ்ரீரங்கத்துல அதை வெச்சு என்ன செய்வாங்க?”

கோபு விரலைச் சொடுக்கினான். “குழந்தைகள் இருந்தா ரஃப் நோட்டு. பெரியவா இருந்தா ஸ்ரீராமஜெயம். லட்சம் எழுதறேன், கோடி எழுதறேன்னு தெருவுக்கு நாலு பேர் இருக்கா. ஸ்ரீராமஜெயம் எழுதின தாளை யாரும் எரிக்க மாட்டா சார். கடைக்குப் போடவும் மாட்டா. கட்டுக் கட்டா பரண்ல இருக்கும்.”

ஸ்ரீரங்கம் போகும் ஒன்றாம் நம்பர் பஸ் வந்தது. இருவரும் ஏறினார்கள்.

மேலச் சித்திரை வீதியில் வேதவதியின் வீட்டைக் கண்டுபிடிக்கக் கோபுவுக்குப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. அந்த ஊரில் அவனுக்கு மாமா இல்லாத தெரு இல்லை. வேதவதி இன்னும் வேலையிலிருந்து திரும்பியிருக்கவில்லை. அவளுடைய மாமனார் பராசரன் கதவைத் திறந்தார். ரிட்டையரான போஸ்ட்மாஸ்டர். கண்ணாடி மூக்கு நுனியில் நின்றது, விரலில் மை.

“மாமா, நாட்டுப்பெண் ஆபீஸ்லேர்ந்து பேப்பர் கொண்டுவந்து தருவாளோ, நீங்க எழுத?” என்று நேராகவே கேட்டான் கோபு.

“சனிக்கிழமை சனிக்கிழமை கொண்டு வருவா. உபயோகமில்லாததுன்னு கழிச்ச தாள்தான். ஏன், தப்பா?”

“தப்பே இல்லை. ஒருத்தன் தலை அதுல தொங்கறது. மார்ச் மாசத்துத் தாளைக் கொஞ்சம் பாக்கணும்.”

பராசரன் இருவரையும் மேலும் கீழும் பார்த்தார். “கால் அலம்பிண்டு வாங்கோ,” என்றார்.

சகாயநாதனும் முற்றத்துக் குழாயடியில் கால் கழுவிக்கொண்டு வந்து, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கட்டுகள் இறங்கின. பச்சையும் வெள்ளையுமாகக் கோடு போட்ட தாள்கள், ஓரத்தில் வரிசையாக ஓட்டை. அச்சில்லாத பக்கத்தில் முத்து முத்தாக நூற்றெட்டு ஸ்ரீராமஜெயம், மேலே தேதி. போஸ்டாபீஸ் பழக்கம், தேதி இல்லாமல் அவர் எதையும் எழுதுவதில்லை.

“அந்தப் பக்கம் என்ன அடிச்சிருக்குன்னு நீங்க பார்த்ததில்லையா?” என்று கேட்டார் சகாயநாதன்.

“முப்பத்தஞ்சு வருஷம் தபாலாபீஸ்ல இருந்தேன். அடுத்தவா கடுதாசைப் படிக்கப்படாதுன்னு ஒரு பழக்கம். திருப்பிப் பார்க்க மாட்டேன்.”

நீலமணி கெமிக்கல்ஸுக்குக் கணக்குப் போட்டது மார்ச் பதினாலு, திங்கட்கிழமை. அந்த வாரத்துத் தாள்கள் சனிக்கிழமை வீட்டுக்கு வந்திருக்கும். அப்படியானால் பத்தொன்பதாம் தேதிக்குப் பிறகு எழுதிய கட்டு. சகாயநாதன் சொல்லச் சொல்லக் கோபு ஒவ்வொரு தாளாகத் திருப்பினான். முதல் பக்கத்தில் இருந்த வேலை நம்பர் நாற்பத்தொன்று இருபத்தேழு. அதே நம்பர் இருபத்திரண்டாம் தேதித் தாளின் மறுபக்கத்தில் இருந்தது.

ஆங்கிலத்தில் நாலே வரி. கோபு படித்துத் தமிழில் சொன்னான். “‘கீழ்க்கண்ட துண்டுக்கு அட்டவணையில் மதிப்பு இல்லை. பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளப்பட்டது. அபாய அளவை நம்ப வேண்டாம்.’ கீழே அந்தத் துண்டோட பேரு. நைட்ரஜனும் ஆக்ஸிஜனும் சேர்ந்தது. சார்! வெடிக்கிற சமாச்சாரமே அதுதானே? மிளகாயோட காரம் எவ்வளவுன்னு தெரியலைன்னு மிளகாய்க்குப் பூஜ்யம் போட்டுட்டு, சாம்பார் காரமே இல்லைன்னு சொல்லியிருக்கு!”

“மெஷின் பொய் சொல்லலை,” என்றார் சகாயநாதன். “தனக்குத் தெரியலைன்னு ரெண்டாம் பக்கத்துல ஒத்துக்கிட்டிருக்கு.”

தாளின் ஓரத்தில் பென்சிலால் பொடி எழுத்து இருந்தது. அதை அவரே படித்தார். ‘14-3, காலை 11.20. நீலமணி ஒர்க்ஸ் மேனேஜருக்கு இந்தச் செய்தியைப் போனில் படித்துக் காட்டினேன். அது வேண்டாம், முதல் பக்கம் போதும் என்றார். வே.’

கோபு துள்ளிக் குதித்தான். “முடிஞ்சுது சார்! சரக்கு தானாவே சூடேறலாம். அது கம்பெனிக்கும் தெரியும். தெரிஞ்சுண்டே கலன்ல போட்டிருக்கா. திருகும் வேண்டாம், தைரியராஜும் வேண்டாம். திங்கட்கிழமை கோர்ட்ல இதை நீட்டினா—”

வாசலில் நிழல் விழுந்தது. வேதவதி கைப்பையோடு நின்றிருந்தாள். தரையில் பரப்பிக் கிடந்த கட்டுகளையும் சகாயநாதன் கையில் இருந்த தாளையும் பார்த்தாள். அவள் பதறவில்லை. பெரிய பாரம் ஒன்றை இறக்கி வைத்தவள் போல நிலையில் சாய்ந்துகொண்டாள்.

“கிடைச்சுதா?” என்றாள்.

சகாயநாதனுக்குச் சட்டென்று கோபம் வந்தது. எட்டு நாளாகத் தன் மேலேயே இருந்த கோபத்துக்கு வேறு ஆள் கிடைத்ததில் ஒரு நிம்மதியும் சேர்ந்து வந்தது. “ஏம்மா, இவ்வளவு தெளிவா எழுதி வெச்சிருக்கீங்க. ஒரு மனுஷன் ஆறு மாசமா ஜெயில்ல கெடக்கறான். ஒரு வார்த்தை யார்கிட்டயாவது சொல்லியிருக்கக் கூடாதா?”

“சொன்னேனே சார்.”

“யார்கிட்ட?”

“உங்ககிட்டதான்.”

கோபு கையில் இருந்த கட்டை மெதுவாகக் கீழே வைத்தான்.

“மே மாசம் காப்பி வாங்க வந்தேள்,” என்றாள் வேதவதி. “மேனேஜர் ரூமுக்குள்ளே போயிருந்தார். முதல் பக்கத்தை உங்க கையில குடுத்துட்டு, இதுக்கு ரெண்டாம் பக்கம் ஒண்ணு ஆத்துல இருக்கு, நாளைக்கு எடுத்துண்டு வரட்டுமான்னு கேட்டேன். மறுநாள் காலம்பற ரிப்போர்ட் குடுக்கணும், வாசல்ல ஆட்டோ காத்திண்டிருக்குன்னேள். ‘வேண்டாம்மா, முதல் பக்கம் போதும்’னேள்.”

இல்லை என்று சொல்ல சகாயநாதன் வாயைத் திறந்தார். அதற்குள் அந்த ஆட்டோவின் சத்தம் காதில் கேட்டுவிட்டது. டிரைவர் இரண்டு தடவை ஹாரன் அடித்ததும், படியில் இறங்கிக்கொண்டே திரும்பிப் பார்க்காமல் கையை ஆட்டியதும் ஞாபகத்துக்கு வந்தன. அந்த ஒர்க்ஸ் மேனேஜரை அயோக்கியன் என்று மனதில் திட்டி ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. அந்த ஆள் சொன்ன அதே வார்த்தையைத்தான் தாமும் சொல்லியிருக்கிறார்.

“அதுக்கப்புறம் நானும் வாயை மூடிண்டுட்டேன்,” என்றாள் வேதவதி. “கேக்க வேண்டியவா ரெண்டு பேருமே போதும்னுட்டா, நான் யார் சொல்றதுக்குன்னு மனசைச் சமாதானப்படுத்திண்டேன். அதுவும் பொய்தான். வேலை போயிடும்னு பயம். மேனேஜர் எரின்னார், எரிச்சேன். ராத்திரி சாதம் இறங்கலை. இன்னிக்கு நீங்க வந்து நின்னதும், ஞாபகம் வந்துதான் வந்திருக்கேள்னு நினைச்சேன். என்னை யாருன்னே தெரியலை உங்களுக்கு.”

பராசரன் தாளை வாங்கி, முதல் தடவையாக அச்சடித்த பக்கத்தை நிதானமாகப் படித்தார்.

“பெருமாள் பேரை எழுதறேன் எழுதறேன்னு இது மேலேயே உக்காந்திண்டிருந்திருக்கேன்,” என்றார். “கோர்ட்ல இதை யார் தொடுவா? கீழே கீழே போடுவாளோ?”

“போட மாட்டா மாமா. பீரோவுல வெச்சுப் பூட்டிட்டு மறந்துடுவா.”

“அப்ப எடுத்துண்டு போங்கோ. நூத்தியெட்டு குறையறது, நான் வேற எழுதிக்கறேன்.”

“திங்கட்கிழமை நானும் வரேன்,” என்றாள் வேதவதி. “அந்தப் பென்சில் எழுத்து என்னோடதுன்னு சொல்றேன். வேலை போனா போகட்டும்.”

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ரோசம்மாள் வருவதாக இருந்தது. அதற்குள் சகாயநாதனின் வாக்குமூலத்தைக் கோபு டைப் அடித்து முடித்திருந்தான். பழைய ரிப்போர்ட் தவறு, கம்ப்யூட்டரின் எச்சரிக்கை அடங்கிய தாள் இப்போது கிடைத்திருக்கிறது, தொழிற்சாலை நிர்வாகத்துக்கு அது முன்பே தெரியும். எல்லாம் சுத்தமாக இருந்தது.

“மே மாசம் நான் சொன்னது இதுல இல்லையே,” என்றார் சகாயநாதன்.

“வேணும்னேதான் விட்டேன் சார்.” கோபு தலை நிமிராமல் பேசினான். “இதுவே தைரியராஜை வெளியே கொண்டு வந்துடும். அதையும் எழுதினா கம்பெனி வக்கீல் உங்களைக் கிழிச்சுத் தோரணம் கட்டுவான். அப்புறம் துப்பறியும் சகாயநாதன்னு ஒரு போர்டை வெக்க முடியாது. வேதவதி மாமி கோர்ட்ல சொல்லணும்னு அவசியமே இல்லை. கேட்டா சரின்னுடுவா.”

சகாயநாதன் கையெழுத்துப் போடவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. சரி என்று சொல்ல அவருக்கு ஆசையாகத்தான் இருந்தது. முப்பது வருஷத்துப் பேர் அது.

ரோசம்மாள் படியேறி வந்தாள். விஷயத்தைச் சொன்னதும் முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். அழுகை அடங்கியதும் சகாயநாதன் சொன்னார். “ரோசம்மா, உங்க வீட்டுக்காரரை உள்ளே தள்ளின அந்த ரிப்போர்ட்டை எழுதினதே நான்தான்.”

“தெரியும்யா.”

கோபு திரும்பிப் பார்த்தான்.

“வக்கீல் ஐயா படிச்சுக் காட்டினாரு. கடைசியில உங்க பேரு இருந்துச்சு. அதுக்குத்தான் உங்ககிட்டயே வந்தேன். வேற யாரு வந்து என்ன சொன்னாலும் ஜட்ஜ் ஐயா நீங்க எழுதினதைத்தான் நம்புவாரு. தப்புன்னு நீங்களே சொன்னாத்தான் உண்டு.” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “உங்க மேல கோவமில்லைங்கய்யா. மெஷின் ஏமாத்துச்சு, நீங்க ஏமாந்தீங்க.”

கோபு கண்ணாலேயே கெஞ்சினான். இதோடு நிறுத்திக்கொண்டிருந்தால் எல்லோருக்கும் சௌகரியம். மன்னிப்பும் கேட்காமலே கிடைத்துவிட்டது. ஆனால் செய்யாத தப்புக்குக் கிடைத்த மன்னிப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று சகாயநாதனுக்குத் தெரியவில்லை.

“மெஷின் என்னை ஏமாத்தலை,” என்றார். “இந்தத் தாளை மே மாசமே எனக்குத் தரேன்னு அந்தப் பொண்ணு சொல்லிச்சு. நான்தான் வேண்டாம்னேன்.”

ரோசம்மாள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இது அவளுக்குத் தெரியாது.

“எப்பத் தரேன்னாங்க?”

“மறுநாள்.”

“ஒரு நாளுங்களா?”

“ஒரு நாள்.”

கீழே பாலக்கரைச் சந்தடி கேட்டுக்கொண்டிருந்தது. அவள் உதடு அசைந்தது. மே, ஜூன் என்று மாதங்களை எண்ணுகிறாள் என்பது சகாயநாதனுக்குப் புரிந்தது. நவம்பர் வரைக்கும் எண்ணி முடிக்கும் வரை அவர் நின்றுகொண்டே இருந்தார்.

“அது இந்தப் பேப்பர்ல எழுதியிருக்கா?” என்று கேட்டாள்.

“இல்லை.”

அவள் மூலையில் இருந்த ஸ்டூலை இழுத்து, டைப்ரைட்டருக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

“எழுதுங்க,” என்றாள். “நீங்க எழுதி முடிக்கிற வரைக்கும் நான் இங்கேயேதான் இருப்பேன்.”